கடலுக்குக் கூட்டிப் போனவர்

தர்மின் காங் கெட்டவர் என்று யாராவது சொன்னால் அந்த வாயில் மிளகாயை வைத்துத் தேய்ப்பேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டிமேல் கை வைத்தது கிடையாது. ஆனால் அவரோடு ஒரு வீட்டில் குடித்தனம் நடத்து என்று என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் ஓடிப்போயிருப்பேன். எதைக் கேட்டாலும் மனுஷனுக்கு ஒரே பதில், "உன் இஷ்டம்." சோறு வடிக்கட்டுமா, சோளம் அவிக்கட்டுமா? உன் இஷ்டம். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம்? உன் இஷ்டம். பெண்டாட்டி வினார்த்தி முதல்முறை தைவானுக்கு வேலைக்குப் போக ஏஜென்சிக் காகிதத்தோடு வந்து நின்றாள். கெளுத்திக் குளத்தில் தீனி இறைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதையேதான் சொன்னார்.

அவளும் போனாள். ஒரு ஒப்பந்தம் முடிந்து இன்னொன்று, அது முடிந்து மூன்றாவது. அவள் அனுப்பிய பணத்தில் வீட்டு முகப்புக்குப் பச்சை ஓடு பதித்தார்கள். பையன் வளர்ந்து கலிமந்தானுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். போன பெருநாளுக்கு அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அந்த ஓட்டு வீட்டில் மிச்சம் இருந்தது காங்கும் அவருடைய கெளுத்திகளும்தான்.

இந்தோனேசியாவில், துலுங்காகுங் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லையில் மீன் குளம். என் காபிக் கடை அவர்கள் வீட்டுக்கு எதிரில். தெருவில் எல்லாரும் என்னை யூ கர்சி என்பார்கள், கர்சி அக்கா என்று அர்த்தம். அவரை அண்ணன் முறையில் காங் என்போம். அவர் பெண்டாட்டியும் காங் என்றுதான் கூப்பிடுவாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர்கள் கொல்லைப்புறம் வரைக்கும் எனக்குத் தெரியும். நான் எட்டிப் பார்ப்பதில்லை. தெரிகிறது, பார்க்கிறேன்.

கெளுத்தியில் பெரியது சின்னதைத் தின்றுவிடும். அதனால் நாள் தவறாமல் அள்ளி, ஓட்டை போட்ட தொட்டியில் கொட்டி, அளவுக்குத் தக்கபடி பிரித்துப் பிரித்து வெவ்வேறு குளத்தில் விட வேண்டும். இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் பக்கம் பக்கமாக நின்று அந்த வேலையைச் செய்வார்கள். மணிக்கணக்கில் தண்ணீர் சளசளக்கிற சத்தம் மட்டும் கேட்கும். முள் குத்தினால்கூட அவள் "ஸ்" என்பாள், அவர் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டும்.

ஆனால் சாயங்காலத் தொழுகை முடிந்ததும் போன் அடிக்கும். தைவானின் தாய்சுங் நகரத்திலிருந்து லின் அம்மா. அந்தக் கிழவியைத்தான் அத்தனை வருஷமும் வினார்த்தி குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிந்தாள். தீனி டின்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்காருவாள். அப்புறம் அது வேறு வினார்த்தி. கையை ஆட்டிச் சீனத்தில் பேசுவாள், கேலி செய்வாள், தொடையைத் தட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் சட்டியின் இரைச்சலைத் தாண்டி வரும். குளத்தில் நிற்கிற காங் தலை நிமிராமல் மீனை எண்ணுகிறாற்போல் நிற்பார். பாவமாக இருக்கும்.

செங்கல் லாரி ஓட்டுகிற ஜுமாடி ஒருநாள் கடையில் வைத்து ஆரம்பித்தான்.

"காங், சாயங்காலமானா உங்க வீட்டுல சிரிப்பு தூக்குதே! யாரு, சீனாக்காரனா?"

"கிழவி."

"கிழவின்னு அவங்க சொல்றாங்க. உங்களுக்கு என்ன புரியுது? உங்களை வித்துட்டேன்னு அவங்க சொன்னாலும் நீங்க பக்கத்துல நின்னு தீனி போட்டுட்டுதான் இருப்பீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், உன் பொண்டாட்டி உன்கிட்ட நம்ம பேச்சுலதானே பேசுறா? அதுல நீ என்னத்தப் புரிஞ்சு கிழிச்சுட்ட? காபியைக் குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணு."

காங் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பெரிய சாலையில், தைவானுக்குப் போகிற பெண்களைத் தங்கவைத்துப் பாஷையும் வேலையும் பழக்குகிற இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே பாடம் நடத்துகிற யூலி எங்கள் ஊர்ப் பெண். அவளும் தைவானில் இருந்துவிட்டு வந்தவள்தான். இல்லத்துச் சமையலுக்குக் காங்தான் மீன் கொடுப்பார். ஒரு காலையில் மீனை இறக்கிவிட்டு, வெறும் வாளியோடு வகுப்பு வாசலிலேயே நின்றிருக்கிறார்.

"என்ன காங், ஏதாவது வேணுமா?"

"அந்தப் பாஷை எனக்கும் வேணும்."

"ஐயோ காங், உங்க வயசுக்கு அங்க வேலைக்கு எடுக்க மாட்டாங்களே!"

"வேலைக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

காங் வாளியை மறு கைக்கு மாற்றினாராம். யூலி புத்திசாலி, மேலே கேட்கவில்லை. "பெஞ்சுல உக்காந்து படிச்சா உங்களுக்கு ஏறாது. கட்டில்ல படுங்க. எங்க பொண்ணுங்க இத்தனை நாளா பஞ்சுப் பொம்மையை வச்சுத்தான் பழகுறாங்க. நீங்க நோயாளியா இருங்க. அவங்க கேப்பாங்க, நீங்க பதில் சொல்லணும். சம்பளமும் இல்ல, ஃபீஸும் இல்ல" என்றாள்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி, வயசுப் பொண்ணுங்க ஊர்பேர் தெரிஞ்ச ஆம்பளையைத் தொட்டுத் தூக்குறதா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று யூலியை வழியில் மறித்துக் கேட்டேன்.

"அங்க போனா ஊர்பேர் தெரியாத கிழவனைத் தொட்டுத் தூக்கணும் யூ. மொதல்ல இங்க பழகிட்டுப் போகட்டும். கையுறை போட்டுத்தான் தொடுறாங்க. நானும் பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்க வாயை மூடிட்டு இருந்தா வெளிய தெரியாது."

மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டை, கழுத்துக்கு மேலே வெட்டிவிட்ட முடி, அந்தப் பெண்களைப் பார்த்தால் யார் யாரென்று தெரியாது. காங்கைப் படுக்கவைத்துப் போர்த்துவார்கள். நாற்காலியில் ஏற்றி வராந்தாவில் தள்ளுவார்கள். கஞ்சி ஊட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். அதை எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். காங்கும் போர்வைக்குள்ளிருந்து கூடவே சொல்லுவாராம். முதல் நாள் ஒரு குட்டைப் பெண் அவர் பாதத்தை அமுக்கி, பாடத்தில் இருக்கிறபடியே "அம்மா, இங்கே வலிக்கிறதா?" என்று சீனத்தில் கேட்டிருக்கிறாள். வலிக்கிறது என்றால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று யூலி சொல்லிக் கொடுத்தும், மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். அவருக்கு மறந்துவிட்டது என்று யூலி நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

மழைக்காலம் பிடிக்கிற சமயம், ஆள் இல்லாத ஒரு மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்தார். காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"யூ, அந்தப் பாடம் முழுக்க ரெண்டே விஷயம்தான்."

காங் தானாகப் பேச்சை ஆரம்பிக்கிறார்! கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒண்ணு கேள்வி. வலிக்குதா, குளிருதா, தண்ணி வேணுமா, ராத்திரி தூங்குனீங்களா, பயமா இருக்கா. இன்னொண்ணு மன்னிப்பு. என் தப்புதான் அம்மா, இனிமே செய்ய மாட்டேன் அம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"வேலைக்காரிக்கு அதுபோதும்னு விட்டிருப்பாங்க."

"அவ அத்தனை வருஷம் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா."

"ஆமா."

"நான் அவகிட்ட நம்ம பேச்சுல அதுல ஒண்ணாச்சும் கேட்டிருக்கேனான்னு கட்டில்ல படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன் யூ. அங்க படுத்திருக்கிறப்போ வேற என்ன செய்ய? வருஷ வருஷமா பின்னாடி போய்ப் பாத்தேன். பையன் பொறந்த அன்னைக்கு வரைக்கும் போனேன். அன்னைக்கு 'தண்ணி வேணுமா'ன்னு கேட்ட மாதிரி ஒரு ஞாபகம். அதுவும் மருத்துவச்சியைக் கேட்டேனோ என்னவோ."

வறுத்த தெம்பே சோயாத் துண்டு ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அதையும் தின்னாமல் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் நிஜமான தலைவலி வந்தது. லின் அம்மாவுக்குக் குளியலறையில் விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. வினார்த்தி வந்தால்தான் ஆச்சு என்று கிழவி ஒற்றைக்காலில் நிற்கிறதாம். கிழவியின் மகள் காகிதமெல்லாம் தயார் செய்துவிட்டாள். நோன்பு மாதம் பிறப்பதற்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லியாக வேண்டும். வினார்த்தி தேங்காய்த் துருவல் வாங்குகிற சாக்கில் வந்து நின்றாள்.

"போகட்டுமான்னு காங்கிட்ட கேட்டேன் யூ. என்ன சொல்லியிருப்பாரு, சொல்லுங்க."

இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம், "உன் இஷ்டம்." அவள் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"போகணும்னு எனக்கு ஆசையா என்ன? அங்க குளிர்ல கை வெடிச்சு ரத்தம் வரும். ஆனா நான் எந்திரிச்சுக் கொஞ்சம் அந்தப் பக்கம் போனா, எங்க போறே, எப்ப வருவேன்னு ஒரு ஆளு கேக்கும். இங்க நான் வீட்டுல இருக்கேனா இல்லையான்னே யாருக்கும் தெரியல யூ."

"வாயைத் திறந்து அதை அவருகிட்ட சொல்லித் தொலையேன்டி."

"கேட்டு வாங்குனா அது எனக்கு எதுக்கு?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது, அந்த மனுஷன் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன பண்ணுகிறார் தெரியுமா என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது நான் இல்லையே.

இரண்டு நாள் கழித்துப் பெரிய மழை. அடைமழை பெய்தால் குளத்துத் தண்ணீர் கெட்டுவிடும், கெளுத்தி வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். புருஷனும் பெண்டாட்டியும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரைக்கும் செத்த மீனை அள்ளினார்கள், பழைய தண்ணீரை இறைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல் போன். வழக்கம்போல் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் காங் சொட்டச் சொட்ட நனைந்தபடி தெருவைத் தாண்டி என் கடைக்குள் வந்து நின்றார். கையில் இன்னும் மீன் தொட்டி.

"யூ, நேத்து அவ எங்கயாச்சும் போனாளா?"

"நல்லா இருக்கே கேள்வி! நேத்து பூரா உங்க கூடத்தானே நாத்தத்துல நின்னா?"

"நேத்து நான் அவளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனேனாம்."

"என்னது?"

"அந்தக் கிழவிகிட்ட சொல்றா. காதுல விழுற வார்த்தையை எல்லாம் யூலிகிட்ட கேட்டு வச்சிருந்தேன், எல்லாம் புரிஞ்சுது யூ, ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. என் வீட்டுக்காரர் கடலுக்குக் கூட்டிட்டுப் போனார், இளநீர் வாங்கிக் கொடுத்தார், மழையில நனையாதேன்னு சட்டையைக் கழட்டித் தலையில போட்டார். தினம் கால் அமுக்கி விடுறார். உங்களைப் பத்தி தினமும் விசாரிக்கிறார். என்னை விட்டு ஒரு நாள்கூட இருக்க மாட்டேங்கிறார், அதான் நான் வர முடியலன்னு..."

நான் அடுப்பைத் தணித்தேன். அவர் தொட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆளு நல்லவனா இருக்கான் யூ. எனக்கே அவனைப் பிடிச்சுப் போச்சு."

"அவரு யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. அதான் வீட்டுக்குள்ள போக வெக்கமா இருக்கு."

ஏதாவது செய்யட்டும் என்று விட்டேன். செய்தார். மறுநாள் சந்தையிலிருந்து ஒரு இளநீர் வாங்கி வந்து சமையலறை மேசையில் வைத்தார். "யாருக்கு இது?" என்று வினார்த்தி கேட்டிருக்கிறாள். மனுஷன் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "உன் இஷ்டம்." இதை அவரே என்னிடம் வந்து சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். நாள்பட்ட நோய் அப்படித்தான் போலிருக்கிறது. அந்த இளநீரை அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே அலமாரிமேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். ஏஜென்சிக்காரனிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, மறுநாள் காலையில் வண்டி. காங் இல்லத்துக்கு மீன் கொண்டுபோனவர், கட்டிலில் ஏறிப் படுக்காமல் யூலியின் மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்.

"போகாதேன்னு எப்படிச் சொல்றது?"

"அது பாடத்துல இல்ல காங்."

"ஏன் இல்ல?"

"நம்ம பொண்ணுங்களுக்கு அது எதுக்கு? தூக்கு, இறக்கு, போ, வா, இது போதும். அந்த வாக்கியத்தை அங்க கடைசி நாள்ல அவங்க வாயாலதான் கேப்போம். எனக்கும் ஒரு கிழவர் சொன்னாரு. நான் கேக்காத மாதிரி பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்." அப்புறம் யூலி அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாளாம். இவர் வழியெல்லாம் சைக்கிளில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் ராத்திரி வியாபாரத்துக்கு மீன் வாங்க வாளியோடு நான் அவர்கள் கொல்லைக்குப் போயிருந்தேன். நான் வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துப் போனேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். காங் தண்ணீரில் நின்றார். வினார்த்தி வாளிமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. சீனத்தில் பேசியதை எனக்குக் காங்தான் அப்புறம் சொன்னார்.

வருகிறேன் அம்மா என்று அவள் சொன்னாள். கிழவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உன் வீட்டுக்காரர் விட்டாரா? ஒரு நாளும் விட மாட்டார்னு சொன்னியே! கூப்பிடு அவரை, நான் நன்றி சொல்லணும்."

"அவர் வெளியூர் போயிருக்கார் அம்மா."

அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மனுஷன் அதைக் கேட்டார். தொட்டியை அப்படியே விட்டார். அது கவிழ்ந்து, பிரித்த மீன் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. கரையேறி, தண்ணீர் ஒழுக ஒழுக வந்து, போனுக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் வயிற்றுக்குமேல் கட்டிக் குனிந்தார், அந்தச் சிவப்புச் சட்டைப் பெண்கள் குனிகிற மாதிரியே.

அவர் சீனத்தில் பேச ஆரம்பித்ததும் வினார்த்தி எழுந்துவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வணக்கம். என் பெயர் தர்மின். நான் இந்தோனேசியாவிலிருந்து வருகிறேன். கடுமையாக உழைப்பேன். கோபப்பட மாட்டேன்."

பாவம், அறிமுகம் என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போனுக்குள் கிழவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நீயுமா வேலைக்கு வர்றே என்று கேட்டதாம். காங் அதற்குச் சிரிக்கவில்லை. மெல்ல வினார்த்தி பக்கம் திரும்பினார். மிச்சத்தை அவளிடம்தான் சொன்னார்.

"என் தவறுதான் அம்மா. மன்னித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து போகாதீர்கள், அம்மா."

பாடத்தில் எல்லா வாக்கியத்திலும் 'அம்மா' வரும். அதை எடுத்துவிட்டுப் பேச அவருக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் அடுத்தவளை எசமானியம்மா என்று கூப்பிட்டவளை அன்றைக்குத்தான் ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டார்.

"எப்போலேருந்து புரியுது?" என்றாள் அவள், எங்கள் பேச்சில்.

"நான் உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போன அன்னையிலேருந்து."

அவள் முகம் சிவந்துபோயிற்று. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன்.

"அதை நம்ம பேச்சுல சொல்லுங்க காங்."

"எதை?"

"இப்ப கடைசியா சொன்னதை."

காங் வாயைத் திறந்தார். "உன்..." என்று ஆரம்பித்தது அந்தப் பாழாய்ப்போன வாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதை எச்சிலோடு விழுங்கினார். குளத்தில் கெளுத்திகள் தண்ணீரை அடிக்கிற சத்தம்தான். பிறகு, சண்டை போடுகிறவர் மாதிரிக் கத்திச் சொன்னார்.

"போகாத வினார்த்தி. நீ இல்லாம வீடு வீடா இல்ல. நீ மொதல்ல போனப்பவும் இல்ல. அப்பவே சொல்லியிருக்கணும்."

வினார்த்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரிச் சத்தம் போட்டு அழுதாள். காங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்தார், மறுபடி துடைத்தார், அப்புறம் அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

டின்மேல் இருந்த போனைப் பாவம் எல்லாரும் மறந்துவிட்டோம். உள்ளேயிருந்து கிழவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. வினார்த்தி மூக்கைச் சிந்திக்கொண்டு ஏதோ ஒரு வரி சொன்னாள். கிழவி களைத்த குரலில் ஏதோ சொல்லிற்று. அதைக் கேட்டதும் இவள் அழுகை இன்னும் பெரிதாயிற்று.

"என்ன சொல்லுச்சு?" என்று காங்கின் தோளைத் தட்டிக் கேட்டேன்.

அவர் கையை எடுக்காமலே சொன்னார்.

"என்ன சொல்றார் உன் வீட்டுக்காரர்னு கேட்டாங்க. போக வேண்டாம்னு சொல்றார்னு இவ சொன்னா. 'அதைத்தான் நீ தினமும் சொன்னியே, இன்னைக்கு எதுக்கு இப்படி அழறே'ன்னு கேக்குறாங்க."